டியூப்பிளுக்குள் வந்த மைனி

இன்று வடசேரியில் நான் எடுக்கும் கம்ப்யூட்டர் வகுப்பில் பைத்தான் மொழியின் டியூப்பிள் பாடம். டியூப்பிளும் லிஸ்டும் பெயர்களை வரிசையாகப் போட்டு வைக்கும் இடங்கள். டியூப்பிளில் எழுதி முடித்துவிட்டால், பிறகு ஒரு பெயரைச் சேர்க்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. லிஸ்டில் இரண்டும் முடியும்.

"வீட்டுல உள்ளவங்க பேரை டியூப்பிள்ல போடுங்க" என்றேன்.

முட்டத்து ஷைனி சட்டென்று அப்பா, அம்மா, அண்ணன், தன் பெயர் என்று அடித்து முடித்தாள். அண்ணனைக் கட்டி போன மாதம்தான் வீட்டுக்கு வந்த மைனியும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறாள். மைனி திரையில் தன் பெயரைத் தேடினாள்.

ஷைனிக்கு முகம் வாடிவிட்டது. அவசரமாகச் சேர்க்கப் பார்த்தாள். சிவப்பில் எரர் வந்தது.

"மிஸ், மைனியைச் சேக்க மாட்டேங்கு."

"லிஸ்டா மாத்திரு மக்கா."

"வேண்டாம் மிஸ். லிஸ்டுன்னா நாளைக்கு ஆராவது எடுத்துரலாம்லா?"

எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து அடித்தாள். அண்ணன் பெயரை ஒட்டி மைனியின் பெயர்.

"இப்பம் பாருங்க மைனி, நீங்க பண்டே நம்ம வீட்டுல உள்ளது மாதிரி இருக்குல்லா?"

மைனி சிரித்துக்கொண்டே எண்டர் தட்டினாள்.

மாமியார் வீட்டில் நான் இத்தனை வருஷமாகியும் லிஸ்டில்தான் இருக்கிறேன். நீங்களெல்லாம் எதில்?