சியாலேயின் மஞ்சள் சிவப்புத் தார்ப்பாய்

செய்தி வந்தபோது காலை எட்டு மணி. தலைநகர் நுகுஅலோஃபாவில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் ஜெபம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். போனில் ஃபுசி, என் தங்கை சியாலேயின் பக்கத்து வீட்டுக்காரி. "வாத்தியாரே, சியாலே போயிட்டா. கப்பல்துறையில சரக்கு இறங்குறதைப் பார்த்துக்கிட்டு உக்காந்தவ, எந்திரிக்கவே இல்லை."

சரக்கோடு என்ன தார்ப்பாய் வருகிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. கடையில் கிடைப்பது நீலத் தார்ப்பாய் மட்டும். கலர் வேண்டுமென்றால் தேடித்தான் ஆக வேண்டும். சரக்குப் பெட்டிகளைப் போர்த்தி வந்த ஆரஞ்சு, பழைய கூடாரத்தின் பச்சை, புயலுக்குப் பிறகு கரையில் ஒதுங்கும் கோடு போட்டவை. கழுவி, வெட்டி, பைகளாகத் தைத்துப் பாங்காய் ஊர்ச் சந்தையில் விற்பாள். எங்கள் சொந்த லிஃபுகா தீவில் அவள் பை இல்லாத வீடு குறைவு.

போன புயலுக்குப் பின் மணலில் பாதி புதைந்து ஒன்று கிடைத்தது. மஞ்சளும் சிவப்பும். அதில் ஏழு பைகள் தைத்தாள். சந்தையில் ஒரு பையைக் கண்டு ஹாஅனோ தீவு லெசியேலி நின்றுவிட்டாள். விளிம்பில் தூண்டில் நரம்பால் போட்ட தையல் அவள் கையால் போட்டது. கடலில் மூழ்கிப்போன மகனின் கல்லறைக்கு அவள் கட்டிய கூரை அது.

"என் பிள்ளை நனையுறான்" என்றாளாம்.

அன்றே சியாலே பைகளைத் திரும்ப வாங்கக் கிளம்பிவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் புதுப் பை கொடுத்துப் பழையதை வாங்கி, பிரித்து, துண்டுகளைப் பழைய இடத்திலேயே சேர்த்து மறுபடி ஒரே தார்ப்பாயாகத் தைத்து வந்தாள்.

எங்கள் ஊரில் அண்ணன் தங்கையின் அறைக்குள் போவதில்லை, அவள் பொருளைத் தொடுவதுமில்லை. விடுமுறைக்கு அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தேன். காற்றே இல்லை. அந்தப் பக்கம் தார்ப்பாய் சரசரத்துக்கொண்டிருந்தது, யாரோ அதற்குள் புரண்டு படுப்பதைப்போல. மற்றதெல்லாம் ஃபுசி சொல்லித்தான் தெரியும்; முதலில் கிண்டல் செய்தவளும் அவள்தான்.

"அடியே, செத்தவன் கூரையை முட்டைக்கோசு தூக்குற பையாக்கிட்டியேடி! ராத்திரி வந்து உன் காலை இழுக்கப்போறான்."

"இழுக்கலைடி. நனையாம இருக்க இதுக்குள்ள ஒதுங்குறான். காலையில பாரு, அடிப்பக்கம் ஈரமா இருக்கு."

"பூனை மூத்திரமா இருக்கும்."

"நீயே பாரேன்."

ஃபுசி விரலால் தொட்டு நாக்கில் வைத்தாளாம். உப்பு. அதற்குப் பிறகு அவள் கிண்டல் செய்யவில்லை.

ஆறு பைகள் வந்துவிட்டன. ஏழாவது என் மனைவியிடம் இருந்தது. சியாலே கேட்டனுப்பியதும் அடுத்த கப்பலுக்காகக் கட்டி வைத்திருந்தோம். அந்தக் கப்பலில் பையோடு நானே போனேன், அடக்கத்துக்கு.

நான் இறங்குவதற்குள் தோண்டிய குழிக்கு மேல் பந்தல் போட்டாயிற்று. சியாலேயின் அறைக்குள் போய் வேண்டியதை எடுக்கும் உரிமை எங்கள் அத்தைக்குத்தான். சாவு வீட்டில் அப்பாவின் அக்கா சொன்னால் மறுபேச்சு கிடையாது. மடித்து வைத்திருந்த மஞ்சள் சிவப்பை அத்தை எடுத்து வந்து அந்தப் பந்தலுக்குக் கூரையாகப் போட்டிருந்தாள்.

"எங்க பொண்ணுக்கு நீலத் தார்ப்பாயா போடுவீங்க, மீன் கடை மாதிரி? இது எவ்வளவு அழகா இருக்கு! ஒரு மூலைதான் ஓட்டை, இருந்துட்டுப் போகுது."

அது யாருடைய கூரை என்று நான் அத்தையிடம் சொல்வேனா என்று ஃபுசி என் முகத்தைப் பார்த்தாள். நான் தலை குனிந்துகொண்டேன். பத்தாம் நாளுக்கு முன் கல்லறைப் பந்தலை அவிழ்ப்பதும் இல்லை.

மூன்றாம் நாள் லெசியேலி படகில் வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். பந்தலுக்கடியில் போய்க் கையை உயர்த்தித் தார்ப்பாயின் அடிப்பக்கத்தைத் தடவினாள். மழை பெய்து ஒரு வாரம் இருக்கும். விரல்கள் ஈரமாக வந்தன.

"இங்கேதான் இருக்கியா?" என்றாள், மேலே பார்த்து. பிறகு என்னிடம், "அவன் உங்க தங்கச்சிகூட இருக்கட்டும். கூட்டிக்கிட்டுப் போனா மறுபடி தனியாத்தானே கிடப்பான். அந்த ஓட்டையை மட்டும் அடைச்சிடுங்க வாத்தியாரே."

ஃபுசி தைப்பதாகச் சொன்னாள். அதற்குள் பத்தாம் நாள் வேலைகள் வந்துவிட்டன, கல்லறைமேல் பரப்பக் கறுப்புக் கூழாங்கல் பொறுக்கினோம், நான் கிளம்பவேண்டி வந்தது. பிரித்து ஓட்டையில் வைத்துத் தைக்கச் சொல்லி ஏழாவது பையை அவளிடம் கொடுத்து வந்தேன். இன்று மாலை போனில் கேட்டேன். இதுவரை ஒரு பக்கக் கைப்பிடியைத்தான் பிரித்திருக்கிறாள்.