ரெண்டுலயும் போட்டிருக்கு

அகமது கபீரின் முன்பற்கள் மூன்றை உடைத்தவன் நான். கூட்டத்தில் யாரோ அடித்தார்கள் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு மனம் வரவில்லை.

தேவிபட்டினத்தில் அவர் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். எழுத்தறியாத எங்களுக்குக் காலையில் பத்திரிகை வாசித்துச் சொல்வார். ‘சேதுக்கதிர்’, ‘பாண்டிநாதம்’ இரண்டையும் வாங்குவார். இரண்டும் எலியும் பூனையும்; ஒன்று சொன்னதை மற்றது மறுக்கும். இரண்டிலும் ஒரே சேதி வந்தால் மட்டும் பத்திரிகையைத் தட்டி, “ரெண்டுலயும் போட்டிருக்கு” என்பார். அதற்கு மேல் எங்களுக்கு அப்பீல் கிடையாது.

ஐம்பத்தேழில் தேர்தல் வந்தது. எங்கள் படகுக் கரையை வளைத்து உப்பளம் போடத் துடித்த பஸ் முதலாளி, தன் மைத்துனனை நிறுத்தினார். கரையை விடமாட்டேன் என்று எதிர்த்து நின்றவர் ஒரு வாத்தியார். எங்கள் ஓட்டு மொத்தமும் அவருக்குத்தான். ஓட்டு நாள் காலையில் கபீர் மாமா வாசித்தார்: வாத்தியார் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார்.

“ரெண்டுலயும் போட்டிருக்கு, மாப்ள.”

அப்புறம் எதற்கு ஓட்டு? கடலுக்குப் போய்விட்டோம். வாத்தியார் விலகவே இல்லை. இருநூறு ஓட்டில் தோற்றார்.

அடுத்த மாதம் முதலாளியின் ஆட்கள் லாரியில் வேலிக்கல்லோடு வந்தார்கள். கல்லை ஊன்றவிடாமல் என் அண்ணன் குருநாதன் குழிக்குள் இறங்கி நின்றான். கடப்பாரையால் அவன் மண்டையில் போட்டார்கள். நான் தூக்கியபோது அவன் ரத்தம் என் வேட்டியில் சூடாக இறங்கியது.

கொன்றவன் லாரியேறிப் போய்விட்டான். கைக்கு எட்டியவர் கபீர் மாமா. ஆறு பேர் போனோம். “பொய்யா வாசிச்சே?” என்று சைக்கிள் பம்பால் அவர் வாயில் அடித்தேன். விழுந்தவரை மற்றவர்கள் மிதித்தார்கள். அவர் மனைவி உம்மு ஹபீபா அவர்மேல் குப்புற விழுந்து, “யா அல்லா! உள்ளதத்தானேடா வாசிச்சாக!” என்று அலறினாள். அவள் முதுகிலும் ஒரு மிதி விழுந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

மூன்றாம் நாள் இரண்டு பத்திரிகையிலும் ஒரே செய்தி: குருநாதன் கால் தடுக்கிக் கடப்பாரைமேல் விழுந்து செத்தான், வாத்தியாரின் அடியாட்கள் கபீரைத் தாக்கினார்கள். அதை வைத்துக்கொண்டு எஸ்.ஐ. வந்தார். கபீர் மாமாவிடம் வாத்தியார் பெயரைச் சொல்லச் சொன்னார். நாங்கள் ஆறு பேரும் கடை வாசலில் நின்றோம்.

கபீர் மாமா வீங்கிய வாயோடு இரண்டு பத்திரிகையின் கடைசிப் பக்கத்தையும் விரித்தார். அடியில் பொடியெழுத்தில், அச்சிட்டு வெளியிடுபவர் பெயர். அதை யார் படிக்கிறார்கள்? அவரே அடிபட்டுக் கிடந்தபோதுதான் பழைய தாள்களையும் புரட்டிப் பார்த்தாராம். பொங்கல் வரை வேறு வேறு பெயர். அதன் பிறகு இரண்டிலும் பஸ் முதலாளி. அந்தப் பெயர்மேல் விரலை வைத்தார்.

“அடிச்சது இந்த ஆளுதான் சார். ரெண்டுலயும் போட்டிருக்கு.”

எஸ்.ஐ. அறைந்தார். ஆறாத உதடு கிழிந்து பத்திரிகைமேல் ரத்தம் சொட்டியது. “ஒழுங்காச் சொல்லுய்யா!” “சொல்லிட்டேனே சார்.” மறுபடி அறை. கபீர் மாமா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. மூன்றாவது அறைக்குக் கை ஓங்கியபோது நான் உள்ளே பாய்ந்தேன்.

“நான்தான் சார் அடிச்சேன். வாத்தியாருக்கு ஒண்ணும் தெரியாது.”

ஜெயிலுக்கு முதலில் வந்து பார்த்தவர் கபீர் மாமாதான். கம்பிக்கு அந்தப்பக்கம் நின்று செய்தியை வாசித்தார்: வாத்தியாரின் அடியாள் வேல்சாமி குற்றத்தை ஒப்புக்கொண்டான். முன்பல் இல்லாமல் என் பெயர் அவர் வாயில் சரியாக வரவில்லை.