முற்றத்துக்கு ஒரு எரிமலை

ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட் பக்கம் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. ஜூன் மாதம், காலை நேரம். ஆனால் வெளிச்சம் பின்னேரத்து வெளிச்சம்போல மஞ்சளித்துக் கிடந்தது. வடக்கே காடு எரிந்த புகை நகரம் முழுக்க இறங்கியிருந்தது. சூரியன் செம்மஞ்சள் தோடம்பழம்போலச் சுருங்கி, கண் கூசாமல் நேரே பார்க்கக்கூடியதாய்த் தொங்கியது. தொண்டைக்குள் கரிச் சுவை. பஸ்ஸுக்கு நின்ற எல்லாரும் ஒருமுறை மேலே பார்த்தார்கள், உடனே குனிந்து போனைப் பார்த்தார்கள். எங்கே எரிகிறது, காற்று எந்தப் பக்கம், புகை எப்போது விலகும், எல்லாம் போனில் இருந்தது. ஒருவரும் பயப்படவில்லை. பக்கத்துப் பிளாசாவில் ஒரு அங்கிள் மட்டும் தன் காரில் படிந்த தூசை விரலால் தொட்டுப் பார்த்து, "நேற்றுத்தான் கழுவினனான்," என்று காற்றிடம் முறைப்பட்டார்.

என் போனில் அன்று சார்ஜ் இல்லை. எனக்கு மட்டும் பார்ப்பதற்கு வானத்தைத் தவிர ஒன்றும் இருக்கவில்லை.

போன் என்ற ஒன்றே இல்லாத ஒருத்தி இதை என்னவென்று நினைத்திருப்பாள்? காட்டுத்தீயாவது பரவாயில்லை, மலையே வெடித்துச் சாம்பல் பொழிந்தால்? பகல் இருட்டினால்? நான் பல்கலைக்கழகத்தில் பாறைகளைப் பற்றிப் படித்தவள். எரிமலை எப்படி வெடிக்கிறது என்று கேட்டால் பேப்பரில் கீறிக் காட்டுவேன். ஆனால் அதன் அடிவாரத்தில் சோறோ கிழங்கோ சமைத்துக்கொண்டிருந்த ஆதிகாலத்து மனிசர் அதை எப்படி விளங்கிக்கொண்டார்கள், விளங்கியபிறகு என்ன செய்தார்கள் என்று நாலு வருசப் படிப்பில் ஒருநாளும் யோசித்ததில்லை. பஸ் வந்து நின்று, கதவு திறந்து, மூடிப் போய்விட்டது. நான் ஏறவில்லை. இதைத் தமிழில் ஒரு சின்னப் புத்தகமாக எழுதவேணும் என்று அங்கேயே முடிவெடுத்தேன். முடிவெடுப்பதில் நான் எப்பவும் கெட்டிக்காரி.

அன்று பின்னேரம் முதலில் அக்காவுக்குத்தான் சொன்னேன். அவளுக்கு அப்போது அஞ்சு மாதம். முதற்பிள்ளை, பொம்பிளைப் பிள்ளை என்று தெரிந்துவிட்டிருந்தது.

"கெதியா எழுதி முடி," என்றாள் அக்கா. "உன்ரை பெறாமோளுக்கு வாசிச்சுக் காட்டவேணும்."

அம்மா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா. "மலையே இல்லாத ஊரிலயிருந்து வந்த சனம் நாங்கள். உனக்கு ஏன் பிள்ளை எரிமலை?"

அந்தக் கோடை முழுக்க வேலை முடிய வாசித்தேன். பிறம்ரனில் ஒரு பண்டகசாலை அலுவலகத்தில் லொறிகளுக்கு நேரம் ஒதுக்குகிற வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் வாசித்தேன். சனிக்கிழமைகளில் அக்கா வீட்டுச் சாமான்களைப் பெட்டியில் அடுக்க அம்மாவோடு உதவிக்குப் போவேன். ஸ்காபரோவில் கட்டுப்படியாகாது என்று அவளும் அத்தானும் அஜக்ஸில் ஒரு புது வீடு எடுத்திருந்தார்கள். நான் கோப்பைகளைப் பேப்பரில் சுத்திக்கொண்டே அந்தக் கிழமை வாசித்ததெல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டுவேன்.

மத்தியதரைக் கடற்பக்கத்தில் மலைக்குக் கீழே இரும்படிக்கிற ஒரு கொல்லன் கடவுள் உலை ஊதுகிறான் என்று நம்பியிருக்கிறார்கள். இன்னொரு கதையில், தோற்றுப்போன அரக்கன் ஒருவனின் மேலே மலையைத் தூக்கி வைத்து அமத்தியிருக்கிறார்கள். அவன் புரண்டு படுத்தால் நிலம் ஆடும், மூச்சுவிட்டால் நெருப்பு வரும்.

"உது எங்களிட்டையும் இருக்கு," என்றா அம்மா. "கயிலையைத் தூக்கப் போனவனைச் சிவன் கால்விரலால அமத்தினவர்தானே."

அக்கா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "இங்கயும் ஒராள் புரளுறா," என்றாள். அத்தான் வந்து குனிந்து, "என்ன அரக்கி, எழும்பீட்டியளோ?" என்று வயிற்றைக் கேட்டார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அம்மா சிரித்துவிட்டு உடனே முகத்தை இறுக்கிக்கொண்டா. அவவுக்கு அந்தப் பெட்டிகளே பிடிக்கவில்லை.

"மாசமா இருக்கேக்கை வீடு மாறக்கூடாது. எத்தினை தரம் சொல்லிப்போட்டன்."

"மாமி, நாங்கள் பிள்ளை பிறக்குமட்டும் நிண்டால் வீடு நிக்குமே? வேறை ஆரும் எடுத்துக்கொண்டு போயிடுவினம்," என்றார் அத்தான்.

நான்தான் அடுத்த கதைக்குத் தாவினேன். இந்த நாட்டின் மேற்குக் கரையில், ஒரு பள்ளத்தாக்கில் வாழ்கிற முதற்குடி மக்கள் இன்றைக்கும் சொல்கிற கதை. நடந்து சில நூறு வருசம்தான் ஆகிறது, ஆனால் கதையின் அச்சு மிகப் பழையது. ஆற்றில் ஏறி வந்த சால்மன் மீன்களைப் பிடித்துச் சில பெடியள் முதுகைக் கீறி, அதற்குள் எரிகிற குச்சியைச் செருகி, அது தண்ணீருக்குள் மினுங்கிக்கொண்டு போவதைப் பார்த்து விளையாடினார்களாம். பெரியவர்கள் மறித்தும் கேட்கவில்லை. பிறகு மலை வெடித்தது. நெருப்பாறு ஊர்களை மூடியது.

"பாவம் மீன்," என்றாள் அக்கா. ஒரு கோப்பையை என்னிடம் நீட்டினாள். அவ்வளவுதான்.

வரைவில் நான் எழுதியிருந்தது இப்படி: காரணம் தெரியாத மனிதர் தங்களில் குற்றம் கண்டார்கள், அறிவு வளர வளர அந்தப் பாரம் இறங்கியது. எழுதிவிட்டு எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

ஓகஸ்டில் அவர்கள் வீடு மாறினார்கள். மரங்கள் நிறம் மாறுகிற ஒக்டோபரில், அக்காவுக்கு எட்டு மாதம் முடிந்திருந்தபோது, ஒருநாள் பிள்ளை புரளவில்லை. ஆஸ்பத்திரியில் அக்கா அவளைப் பெற்றாள். அவள் மூச்சு விடவில்லை.

அப்பா இல்லாத எங்கள் வீட்டில் பெரிய முடிவுகளைப் பெரியப்பாதான் சொல்வார். ஆஸ்பத்திரி நடையில் நின்று, மெதுவாக, யாரையும் நோகடிக்காமல்தான் சொன்னார். "மூச்சு விடாத பிள்ளைக்கு ஒண்டும் செய்யிறேல்லை. புதைக்கிறதுதான். கனக்கக் கதைக்காமல் விடுங்கோ, தாய்க்கும் அதுதான் நல்லது." எங்கள் சனத்தில் அதுதான் வழமை. அப்படிப் போன பிள்ளைக்கு எட்டாம்நாள் எட்டுச்செலவு இல்லை, முப்பத்தோராம்நாள் அந்தியேட்டி இல்லை, திவசம் இல்லை, படம் வைத்து விளக்கேற்றுவதில்லை, பெயர் சொல்வதில்லை. அக்கா பிள்ளைக்கென்று பார்த்து, எனக்குப் பேப்பரில் எழுதிக் காட்டியிருந்த பெயரும் அப்படியே நின்றுவிட்டது. அத்தானும் பெரியப்பாவும் மட்டும் போய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். அக்கா அப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாள்.

சாவீடு என்றால் சனம் வரும். ஆரோ ஒருவர் ரீ போடுவார், ஆரோ கதிரை அடுக்குவார், ஆரோ சோத்துப் பார்சல் கொண்டுவருவார், மூலையில் இருந்து ஊர்க்கதை கதைப்பார்கள். இது சாவீடு இல்லை என்று ஒருவரும் வரவில்லை. பிள்ளை பிறந்த வீடும் இல்லை என்று ஒருவரும் வரவில்லை. அஜக்ஸில் அந்தப் புது வீடு, பெயின்ற் மணத்தோடு, கூப்பிட்டால் எதிரொலிக்கிற மாதிரிக் கிடந்தது.

அக்கா மேல்மாடி அறையில் படுத்தாள். படுத்தவள் எழும்பவில்லை. சாப்பாடு கொண்டுபோனால் இரண்டு வாய் தின்பாள். குளிக்கச் சொன்னால் குளிப்பாள். எழும்பி நடந்துபோய் எதையாவது தானாகத் தொட்டாள் என்று இல்லை. நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் ரெயின் எடுத்துப் போனேன். அத்தான் ஸ்ரேசனுக்கு வந்து கூட்டிக்கொண்டு போவார். காரில் அவர் ரேடியோவைப் போடவும் மாட்டார், கதைக்கவும் மாட்டார். ஒருநாள் மட்டும், சிக்னலில் நிற்கும்போது, "அவ என்னை விட்டுப் போறா எண்டுதான் எனக்குப் பயம்," என்றார்.

"எங்கை போறா அத்தான்?"

"தெரியேல்லை. கொஞ்சம் கொஞ்சமாப் போறா."

எனக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். அக்கா எழும்பவேணும். புத்தகம் கிடந்தால் கிடக்கட்டும்.

டொக்டர்மார் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, காரணம் ஒன்றும் காணவில்லை என்றார்கள். இப்படியும் நடக்கிறது என்றார்கள். அம்மாவிடம் காரணம் இருந்தது: வீடு மாறினது. அவ அதை உரத்துச் சொல்லவில்லை, ஆனால் அந்த வீட்டுப் படியில் ஏறும்போதெல்லாம் அவவின் முகம் சொன்னது.

தை மாதக் குளிரில் ஒருநாள் நான் கட்டில் ஓரத்தில் இருந்தபோது அக்கா சுவரைப் பார்த்தபடி கேட்டாள். "நீதான் எல்லாம் வாசிக்கிறாய். சொல்லு, ஏன்?"

"ஒரு காரணமும் இல்லை அக்கா. உன்ரை பிழை ஒண்டும் இல்லை. சும்மா நடந்தது."

எனக்குத் தெரிந்த மிக அன்பான உண்மையைத்தான் சொன்னேன்.

"அப்ப அம்மா சொல்லுறது பரவாயில்லை," என்றாள். "அதிலையாவது நான் செய்ததெண்டு ஒண்டு இருக்கு. வீடு மாறினனான். அதை நினைச்சு அழலாம். நீ சொல்லுறதில எனக்கு ஒண்டுமே இல்லை." என் பக்கம் திரும்பினாள். "அந்தப் பெடியள் மீனை நோகடிச்ச கதை சொன்னியெல்லே. நான் இஞ்சை படுத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் யோசிக்கிறன். நான் எந்த மீனை நோகடிச்சன்?"

நான் கீழே வந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, ஜாக்கெற் போடாமல் வெளியே போய் நின்றேன். புகை மூடிய அந்தக் காலையில் நான் கேட்ட கேள்விக்குப் பதில் மேல்மாடியில் படுத்துக் கிடந்தது. அந்தப் பழைய சனம் அறிவு போதாமல் தங்களில் குற்றம் பிடிக்கவில்லை. குற்றம் இருந்தால்தான் பரிகாரம் இருக்கும். மன்னிப்புக் கேட்க ஒருவர் இருப்பார். கையால் செய்ய ஏதோ ஒன்று இருக்கும். நான் எழுதியிருந்த அந்தக் கெட்டித்தன வசனத்தை வீட்டுக்கு வந்து அழித்தேன். அதற்குப் பதிலாக எழுத ஒன்றும் வரவில்லை. மாசி மாதம் முழுக்க ஒரு வரியும் எழுதவில்லை. பண்டகசாலையில் லொறிகளுக்கு நேரம் ஒதுக்கினேன், வீட்டுக்கு வந்தேன், படுத்தேன். எங்கள் குடும்பத்தில் படுக்கை தொற்றுநோய்போலப் பரவுகிறதோ என்றுகூட நினைத்தேன்.

வாசிப்பதை மட்டும் விடவில்லை. பழக்கம். நடு அமெரிக்காவில் ஒரு ஏரிக்கரையில், எரிமலைச் சேற்றில் மனிசர் நடந்த அடிச்சுவடுகள் இறுகிக் கிடக்கின்றன. மலைக்குப் பயந்து ஓடியவர்கள் என்றுதான் முதலில் நினைத்தார்கள். பிறகு அடிகளின் இடைவெளியைப் பார்த்தால் அது ஓட்டம் இல்லை, சாதாரண நடை. ஏதோ அலுவலாகப் போயிருக்கிறார்கள். அது என்னை ஏனோ மிகவும் துக்கப்படுத்தியது.

பிறகு அந்தச் சின்ன மலைகள். மெக்சிக்கோவில், அடிக்கடி புகைகிற ஒரு மலையின் அடிவாரத்தில், ஏறக்குறைய இரண்டாயிரம் வருசத்துக்கு முந்திய ஊர் ஒன்று. அங்கே வீட்டு முற்றங்களில் ஒரு குட்டி மலை கட்டி, உச்சியில் ஒரு கல் வைத்திருக்கிறார்கள். உள்ளே பொந்து, அதற்குள் கரி. கரி எரிந்தால் குட்டி மலை உச்சியால் புகை விடும். பெரிய மலையை மறிக்க முடியாது, அதனால் ஒரு சின்ன மலையை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள் என்று நான் நினைக்கிறேன். ஆராய்ச்சிக்காரர் வேறு மாதிரிச் சொல்லலாம். எப்படியோ, பெரிய மலை ஒருநாள் வெடித்தது. அந்த வீடுகளும் முற்றங்களும் குட்டி மலைகளும் எல்லாம் கல்லுக்கும் சாம்பலுக்கும் கீழே போயின.

போன சனிக்கிழமை இதை அக்காவுக்குச் சொல்வதா விடுவதா என்று ரெயின் முழுக்க யோசித்தேன். மீன் கதை செய்த வேலை போதும். ஆனால் அந்த அறையில் சொல்வதற்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை. சொன்னேன்.

"மலை வெடிச்சதோ?" என்றாள் அக்கா.

"ஓம்."

"அப்ப அந்தக் குட்டி மலை ஒண்டும் செய்யேல்லை."

"ஒண்டும் செய்யேல்லை. சனம் முந்தியே ஓடித் தப்பியிருக்குமெண்டு நினைக்கினம். மலை கட்டினதால இல்லை."

"தெரிஞ்சும் கட்டினவையோ?"

"தெரியேல்லை அக்கா. ஒவ்வொரு நாளும் அந்தப் பெரிய மலையைப் பாத்துக்கொண்டுதானே இருந்திருப்பினம்."

அவள் எழும்பினாள். நான் பிடிக்கப் போகவில்லை. கட்டிலிலிருந்து யன்னலுக்குப் போய் நெற்றியைக் கண்ணாடியில் வைத்தாள். கீழே பின்வளவு. புது வீடு என்பதால் இன்னும் புல் போடவில்லை. வீடு கட்டியவர்கள் விட்டுப்போன களிமண் ஒரு கும்பியாய், பாதி பனி மூடிக் கிடந்தது.

"எவ்வளவு உயரம்?"

ஒக்டோபருக்குப் பிறகு, கையால் செய்யக்கூடிய ஒன்றைப்பற்றி அவள் என்னிடம் கேட்ட முதற் கேள்வி அது. நான் வாசித்ததில் அளவு இருக்கவில்லை.

"முற்றத்தில கட்டுற அளவு," என்றேன்.

அவள் தன் கையை முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே பிடித்துப் பார்த்தாள். பிள்ளை நடக்கத் தொடங்குகிற வயதில் இருக்கக்கூடிய உயரம். நான் அதைக் கண்டேன், அவளும் கண்டாள். கையை எடுத்துக்கொண்டு திரும்பிப்போய்ப் படுத்துவிட்டாள். போர்வையை இழுத்துத் தலையையும் மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒருமுறை தன் பழைய பகிடியைத் தொடங்கப் பார்த்தா. "மலையே இல்லாத ஊர்ச் சனம்..." முடிக்கவில்லை. பிறகு கேட்டா, "உதைக் கட்டி என்ன பிள்ளை வரும்?"

"ஒண்டும் வராது அம்மா."

பொய் சொல்ல எனக்கு மனமில்லை. பிள்ளை திரும்பி வரமாட்டாள். கரி எரிந்து முடியும், மழை களிமண்ணைக் கரைக்கும். அந்தக் குட்டி மலைகளால் ஒரு வீடும் தப்பவில்லை என்று எனக்குத்தான் மற்ற எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

ஆனாலும் வாற சனிக்கிழமை ஒரு பை அடுப்புக் கரி வாங்கிக்கொண்டு போகப்போகிறேன். மண் இன்னும் உறைந்திருக்கும், மண்வெட்டி இறங்காது. கேத்திலில் சுடுதண்ணி கொதிக்கவைத்து ஊத்தி இளக்கலாம் என்று அத்தான் சொல்கிறார். பொந்து எந்தப் பக்கம் வைத்தால் காற்றுக்குப் புகை மேலே எழும்பும் என்று பேப்பரில் கீறிப் பார்த்துவிட்டேன். பெரியப்பாவை விட்டால் அத்தானுக்கு மட்டும்தான் பிள்ளையைப் புதைத்த இடம் தெரியும். அங்கிருந்து ஒரு பிடி மண் எடுத்து வரட்டோ என்று போனில் கேட்டார். ஓம், எடுத்து வாங்கோ என்றேன்.

மேல்மாடி யன்னலுக்கு நேரே கட்டப்போகிறோம். அக்கா இறங்கி வந்தால் உச்சிக் கல்லை அவள் கையில் கொடுப்பேன். வராவிட்டால் நானே வைத்து, கரியை மூட்டிவிட்டு, இதுவரை ஒருவரும் உரத்துச் சொல்லாத அந்தப் பெயரை யன்னலைப் பார்த்துச் சொல்லப்போகிறேன்.