ஐஸ் வண்டிப் பாட்டு

எங்கள் ஊருக்குள் ஐஸ் வண்டி முகம் காட்டி வந்ததே கிடையாது. ஏரிக்கரைக்குப் போகும் சந்தில் வண்டியைத் திருப்ப இடமில்லை. அதனால் மெயின் ரோட்டிலிருந்தே பின்பக்கமாகத்தான் வரும். வரும்போது அதன் ரிவர்ஸ் ஹாரன் ஒரு மெட்டு வாசிக்கும். அது காதில் விழுந்தால் போதும், மீன் விற்கும் பெண்கள் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஐஸ் தீர்ந்துபோனால் அன்றைய இறால் அவ்வளவுதான்.

அதே மெட்டை ஆந்திர எல்லைப் பக்கம் போகும் எளாவூர் பஸ்ஸில் தெலுங்கில் கேட்டிருக்கிறேன். பக்கத்து ஊர் மாதா கோயிலில் கைதட்டிப் பாடும் பாட்டாகவும் கேட்டிருக்கிறேன். போன வருஷம்தான் என் மகள் போனில் அதன் ஒரிஜினலைக் காட்டினாள். "நைனா, இது ஐரோப்பாவுல அந்தக் காலத்து ஹிட்டு. அவங்களும் வேற எங்கிருந்தோ எடுத்துப் பாடினதுதானாம்" என்றாள்.

"அடிப்பாவிங்களா! அப்போ நான் வாசிச்சா மட்டும் இன்னா குத்தம்?" என்றேன்.

நான் விடியற்காலையில் வலை போடுகிறவன், சாயங்காலம் ட்ரம்பெட் வாசிக்கிறவன். எங்கள் பேண்டு செட்டில் மொத்தம் நாலு பேர். அம்மன் திருவிழாவுக்கு மட்டும் வருஷா வருஷம் மெட்ராஸ் செட்டைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வயிறு எரியும். என் வீட்டுக்காரியோ, "மீஞ்சூர் கம்பெனியில ஆள் எடுக்கறாங்க. ஊதினது போதும், போய்ச் சேரு" என்று ஒற்றைக் காலில் நின்றாள். இந்த வருஷமும் திருவிழா கிடைக்காவிட்டால் கம்பெனிக்குப் போகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஊர்த் தலைவரிடம் போய் மல்லுக்கு நின்றேன். அவர், "காப்புக் கட்டற அன்னிக்கு வாசிங்க. ஜனம் கலையாம நின்னா திருவிழா உங்களுக்கு" என்றார்.

அன்றைக்குக் கோயில் வாசலில் நல்ல கூட்டம். இரண்டு பக்திப் பாட்டு முடிந்தது, ஜனம் கலையவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கடைசியாக அந்த ஐரோப்பா மெட்டை எடுத்தேன்.

ஸ்பீக்கரை ஏரிப்பக்கக் கம்பத்தில் கட்டியிருந்தோம், அறிவு கெட்டவர்கள். கரைப் பக்கமிருந்து மெட்டு கேட்டதும் பின்னால் நின்ற பெண்கள், "வண்டி வந்துச்சுடீ!" என்று வீட்டிலிருந்த பெட்டியை எடுக்கப் பாய்ந்தார்கள். முன்வரிசைக்காரிகள் நாங்கள் வாசிப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனாலும் மற்றவள் முந்திவிடுவாளே என்று அவர்களும் ஓடினார்கள். எல்லோருக்கும் முன்னால் ஓடியது, கடைசி வரிசையில் நின்றிருந்த என் வீட்டுக்காரி. வாசலில் நாங்கள் நாலு பேர், தலைவர், ஒரு நாய். அவ்வளவுதான்.

"ஜனம் நிக்கலியேப்பா" என்றார் தலைவர். நான் ட்ரம்பெட்டைத் துடைத்து உறையில் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பெண்கள் காலிப் பெட்டிகளோடு திரும்பி வந்தார்கள், திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும். என் வீட்டுக்காரி மூச்சு வாங்க என் முன்னால் நின்றாள். "நீயா வாசிச்சே? சாமி சத்தியமா வண்டின்னே நெனைச்சேன்யா!"

"எல்லாம் முடிஞ்சுபோச்சு. நாளைக்கே கம்பெனிக்குப் போறேன், விடு."

அவள் உறையைப் பார்த்தாள். பிறகு தலைவர் பக்கம் திரும்பினாள். "இன்னா மாமா, ஜனம் நிக்கலியா? ஒரு பாட்டுக்கு ஊரே ஓடிச்சே! மெட்ராஸ் செட்டு இத்தனை வருஷம் வாசிச்சுதே, எவளாவது ஒருத்தி எழுந்திருச்சாளா?"

பெண்கள் ஓவென்று கத்தினார்கள். தலைவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "சரிம்மா, உங்க செட்டே வாசிக்கட்டும். ஆனா திருவிழா முடிஞ்சதும் உன் புருஷனை நீ கம்பெனிக்கு அனுப்பிடுவியாமே? அப்புறம் அடுத்த வருஷத்துக்கு யாரு?"

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "யாரு சொன்னது? அவரு எங்கியும் போவமாட்டாரு."