ஊசி குத்திய நூறு தாள்

ஜெர்மனியில் காஸெல் ரயில் நிலையத்தில் பார்சல் சுமக்கும் லுட்கருக்குக் கவிதை என்றால் வேப்பங்காய். ஆனாலும் ஐம்பத்திரண்டாம் வருஷக் குளிர்காலத்தில் ஞாயிறு தவறாமல் ஒரு கவிதைப் பத்திரிகைக்குத் தாள் அடுக்கப் போனார். குண்டு விழுந்து மாடி போன வீட்டின் நிலவறைதான் அலுவலகம். அங்கே அடுப்பு இருந்தது, அவர் அறையில் இல்லை. பெண்டாட்டியும் பிள்ளையும் நாற்பத்து மூன்றில் ஒரே குண்டுவீச்சில் போனபிறகு, அவரோடு பேசுகிற ஆட்களும் அங்கேதான் இருந்தார்கள்.

பத்திரிகை நடத்தியவள் இர்மேலா, பள்ளியில் ஓவிய டீச்சர். அச்சாபீஸுக்குப் போக வக்கில்லை. அதனால் எழுதுகிறவரோ வரைகிறவரோ, தன் பக்கத்தைத் தானே நூறு பிரதி செய்து அனுப்பிவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஒருவன் உருளைக்கிழங்கைச் செதுக்கி மையில் தோய்த்துக் குத்துவான். ஒருத்தி தட்டச்சில் ஒரே எழுத்தைப் பக்கம் முழுக்க அடிப்பாள். லுட்கர் மேஜையைச் சுற்றி நடந்து, கட்டுக்கு ஒன்றாக உருவி, அடுக்கித் தைப்பார்.

"இதுல தலை எது, கால் எது டீச்சர்?"

"உங்க இஷ்டம்போல வைங்க. எழுதினவனுக்கே தெரியாது."

அந்தக் குளிர்கால இதழுக்கு ஆர்னுல்ஃபின் பக்கம் இன்னும் வரவில்லை. ரஷ்யப் போர்க்கைதி முகாமிலிருந்து திரும்பி, நுரையீரல் அரித்துப்போய், மலைமேல் காசநோய் ஆஸ்பத்திரியில் கிடந்தவன். அவன் செய்த எதுவும் எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை. கண்ணை மூடுவதற்குள் இது ஒன்று வந்துவிட வேண்டும் என்று கடிதம் போட்டிருந்தான். பிப்ரவரி தாண்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஒரு ஞாயிறு காலை லுட்கர்தான் முதலில் வந்தார். மேஜையில் இரண்டு பார்சல். வாரம் முழுக்க விலாசம் படித்துச் சலித்தவர், ஞாயிற்றுக்கிழமை படிப்பதில்லை. இரண்டையும் ஒன்றாக அவிழ்த்துக் கொட்டினார். கறுப்பு மையில் படங்கள். கூடவே கசங்கிய பழுப்புத்தாள், பொட்டு எழுத்தில்லை. படம் நசுங்காமலிருக்க வைத்தனுப்பிய தாள் என்று நினைத்து, பிடிபிடியாக அடுப்பில் போட்டார்.

இர்மேலா வந்தபோது தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஆர்னுல்ஃப் பார்சல் வந்திருந்துச்சே, எங்க?"

அவர் மிச்சத் தாளைக் காட்டினார். பதினொன்று இருந்தது. அவள் அவர் விரலைப் பிடித்துத் தாளில் தேய்த்தாள். காய்ப்பேறிய விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஊசித்துளைகள், வரிசை வரிசையாக.

"முகாம்ல கூட இருந்து குளிர்ல செத்தவங்கன்னு கடிதத்துல எழுதியிருந்தான். ஆளுக்கு ஒரு குத்து, இருநூத்திப் பன்னெண்டு. நூறு தாள்லயும் படுத்தபடியே நாலு மாசமா குத்தியிருக்கான்."

லுட்கர் தையல் ஊசியை எடுத்தார். "நான் குத்தித் தரேன் டீச்சர். கணக்குதான் தெரியுதே."

"யாரை நெனச்சுக் குத்துவீங்க?"

அவர் ஊசியைக் கீழே வைத்தார்.

அவளே சொன்னாள்: "இதழ் ஒண்ணத் தைச்சுக் கொண்டுபோய்க் காட்டிட்டு வாங்க. எரிஞ்சத அவன்கிட்டச் சொல்ல வேணாம். சாகப்போறவன்."

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனார். ஆர்னுல்ஃப் பத்திரிகையை வாங்கி, தன் பக்கத்தைக் கண்ணை மூடித் தடவினான். எலும்பும் தோலுமான முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது.

"நூறு பேர் கைக்கும் போகும்ல?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"பதினொண்ணுதான்யா இருக்கு. மிச்சத்த நான் அடுப்புல போட்டுட்டேன். வெறுந்தாள்னு நெனச்சேன்."

ஆர்னுல்ஃப் ரொம்ப நேரம் இருமினான். இருமல் அடங்கியதும் கேட்டான்: "சூடாவது இருந்துச்சா?"

"தண்ணி கொதிக்கிற மட்டும்."

பத்திரிகையை அவர் மடியில் தள்ளிவிட்டான். "கொண்டு போ. இருக்கிறதே பதினொண்ணு, அதுல ஒண்ணு என்கூடச் சாக வேணாம். யார் கைலயாவது கொடு." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். நர்ஸ் வந்து கிளம்பச் சொல்லும்வரை லுட்கர் உட்கார்ந்திருந்தார். அவன் திரும்பவே இல்லை.

ரயிலில் எதிரே ஒரு அம்மாள், கறுப்புத் துக்க உடுப்பு, மடியில் கூடை. லுட்கர் அந்தப் பக்கத்தை விரித்து நீட்டினார்.

"கொஞ்சம் தடவிப் பாருங்கம்மா."

அந்த அம்மாள் வெற்றுத் தாளையும் அவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள்.