பன்னிரண்டாவது முட்டை

வகுப்பிலேயே ஈஸ்டருக்கு முட்டை தேடாத ஒரே பிள்ளை நான்தான் என்று எட்டு வயதில் அழுது அடம்பிடித்தேன். சைவசமயக்காரருக்கு என்ன ஈஸ்டர் என்று முதலில் கேட்ட அம்மா, பிறகு மனமிரங்கிப் பன்னிரண்டு முட்டைகளை அவித்து மஞ்சளிலும் பீட்ரூட் சாற்றிலும் ஊறப்போட்டார். கொலோன் நகருக்கு வெளியே நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த சின்னத் தோட்டத்தில் அவற்றை ஒளித்துவைக்கும் வேலை மாமாவின் தலையில் விழுந்தது. மாமா அம்மாவின் கடைசித் தம்பி. ஊரிலிருந்து வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை அவருக்கு வேறு வேலையும் இல்லை.

"பிள்ளையள் லேசில கண்டுபிடிக்கக் கூடாது" என்று அம்மா அவரிடம் சொல்லிவிட்டார்.

நானும் தம்பியும் கூடைகளோடு பூச்சட்டிகளுக்குப் பின்னால் பார்த்தோம், கொட்டிலுக்குள் பார்த்தோம், பற்றைகளை விலக்கிப் பார்த்தோம். ஒன்றுமே இல்லை. வாசல் படலையடியில் கைகட்டி நின்ற மாமாவின் முகத்தில் கொஞ்சம் பெருமைகூடத் தெரிந்தது.

ஆப்பிள் மரத்தடியில் என் குதிக்கால் புல்லுக்குள் மெல்லப் புதைந்தது. கிளறினால், ஒரு சதுரப் புல்துண்டு மூடியைப்போலக் கழன்று வந்தது. உள்ளே ஒரு மஞ்சள் முட்டை, ஓடு நொறுங்கிக் கிடந்தது. மாமாவை ஏய்க்கும் ஆசையில் அதைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, புல்லைப் பழையபடி அமுக்கிவிட்டேன்.

தம்பி சிணுங்கத் தொடங்கியதும், மாமாவையே எடுத்துக் கொடுக்கச் சொன்னார் அம்மா. மாமா புல்லில் குப்புறப் படுத்தார். வெட்டிய தடம் எங்கும் இல்லை. ஆனால் அவர் விரல் போன இடத்தில் புல் திறந்தது. ஒரு முட்டைக்கும் அடுத்ததற்கும் இடையில் சரியாக இரண்டு எட்டுத் தூரம். மண்ணை ஊதி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் விரலைக் கொடுத்து ஒவ்வொன்றாகத் தூக்கினார். மூன்றாவதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் யாரோ கோப்பை கழுவும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பதினொன்று வந்தது.

"பன்னிரண்டு வைச்சனான்" என்றார் மாமா. பிறகு எங்களை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "ஒருத்தரும் காலைத் தூக்காதேங்கோ."

தம்பி வேண்டுமென்றே ஒற்றைக்காலில் நின்று சிரித்தான்.

"டேய், அது முட்டையடா" என்றார் அம்மா மாமாவிடம், மெதுவாக.

மாமாவுக்குக் கேட்கவில்லை. ஆப்பிள் மரத்தடிக்கு ஊர்ந்துவந்து புல்துண்டைத் தூக்கினார். வெறுங்குழியைக் கண்டதும் சுற்றியிருந்த புல்லை இரண்டு கையாலும் தடவித் தடவித் தேடினார். எனக்குப் பயம் வந்துவிட்டது. பையிலிருந்த முட்டையை எடுத்து நீட்டினேன்.

"எப்பிடிப் பிள்ளை எடுத்தனி?"

"நான் மிதிச்சிட்டன், மாமா."

பதினான்கு வயதில், பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அவரை இயக்கத்தில் சேர்க்கப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்பதும், அங்கே அவருக்கு முதலில் பழக்கிய வேலை கண்ணிவெடி புதைப்பதுதான் என்பதும் நான் வளர்ந்த பிறகு அம்மா சொல்லித் தெரிந்தவை. அவர் புதைத்தவற்றில் எத்தனை இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன என்று அம்மாவுக்கும் தெரியாது.

அன்று மாமா என் முன்னால் மண்டியிட்டு, சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி, என் கால்விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். விளையாட்டு இன்னும் முடியவில்லை என்றுதான் நான் நினைத்தேன். கூச்சம் தாங்காமல் நெளிந்து நெளிந்து சிரித்தேன்.

"மற்றக் காலையும் எண்ணுங்கோ, மாமா."

எண்ணினார்.