முந்திக்கொண்ட கெட்டிமேளம்

தாலி இன்னும் ஆசீர்வாதத் தட்டில் சபையைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே கெட்டிமேளம் கொட்டவைத்த ஆள், புதுக்கோட்டை மாவட்டத்தில் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வேறு யாராவது இருந்தாலும் வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார். எனக்கு எதையும் எழுதிவைக்கும் வியாதி உண்டு.

நடந்தது சொந்த அக்கா மகள் கல்யாணத்தில். நான் தாய்மாமன். மாலை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பட்டு வேட்டி நழுவாமல் பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அதற்கு மேல் ஒரு தாய்மாமனிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. நான் அந்த அளவோடு நின்றிருந்தால் இதை எழுதவேண்டிய தேவை வந்திருக்காது.

கல்யாணம் நிச்சயமான சில நாட்களில் அக்கா மகள் என்னைத் தேடி வந்தாள். திருச்சியில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், கணக்காகப் பேசுவாள். குடும்பத்தில் கடைசியாக நடந்த கல்யாணங்களின் ஆல்பங்களை எல்லாம் புரட்டிப் பார்த்திருக்கிறாள். எதிலும் அவள் அம்மா இல்லை. ஒரே ஒரு படத்தில், பந்தி நடக்கிற இடத்தில், கதவு ஓரமாக ஒரு முழங்கை தெரிகிறதாம். வளையலை வைத்து அது அம்மாவுடையது என்று கண்டுபிடித்திருக்கிறாள்.

"மாமா, நகை கொறஞ்சாலும் பரவால்ல. தாலி ஏறயில அம்மா மேடையில நிக்கணும். போட்டோவுல முழுசா இருக்கணும். இதுலயும் முழங்கைதான் விழுந்துச்சுன்னா ஒங்களத்தான் கேப்பேன்."

அக்கா வீட்டுக்காரர், என் மச்சான், இறந்தபிறகு அக்கா எந்த விசேஷத்திலும் முன்னால் வருவதில்லை. மண்டபத்துக்குள் நுழைந்ததும் சாமான் அறையின் சாவியைக் கேட்டு வாங்கி இடுப்பில் செருகிக்கொள்வாள். அத்தோடு சாப்பாடு முடியும்வரை அவளைப் பார்க்க முடியாது. ஆவூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலை வழிபாட்டில் மைக்கைப் பிடித்தாள் என்றால் மைதானமே அடங்கும். அப்படிப்பட்டவளை அந்த அறைக்குப் போ என்று யாரும் சொன்னதில்லை. போகாதே என்றும் யாரும் சொன்னதில்லை, நான் உட்பட. நானோ பெண்களின் நிலை குறித்து நாலு மேடைகளில் பேசிச் சால்வை வாங்கியவன். அந்தச் சால்வைகளை மடித்து அடுக்கிவைப்பதுகூட அக்காதான்.

"இதெல்லாம் ஒரு விஷயமா, நான் பாத்துக்கறேன்" என்று பெண்ணிடம் சொல்லி அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. பயத்துக்குக் காரணம் பெண்ணின் பெரியப்பா, அதாவது மச்சானின் அண்ணன். தம்பி இல்லாத குறைக்கு அவரும் அவர் மனைவியும்தான் பெண்ணைத் தாரை வார்க்கிறார்கள். பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். டிக்கெட் எடுக்காதவனைக் கண்ணைப் பார்த்தே இறக்கிவிடுவார் என்று பெயர். அவர் எதிரே நிற்கும்போதெல்லாம் நான் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொள்வேன். அவரிடம் போய் "மச்சான், அக்கா மேடையில் நிற்கட்டும்" என்று ஒரு வாக்கியம் சொல்லவேண்டும். அவ்வளவுதான் வேலை. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் குன்றாண்டார்கோவில் பக்கம், சாதுவான மனிதர்கள். அவர்களிடமும் இதே வாக்கியம்தான். அதைச் சொல்லத் துணிவில்லாதவன் என்ன செய்வான்? கலையில் இறங்குவான்.

போட்டோக்காரரைப் போய்ப் பார்த்தேன். கீரனூரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். இப்போதெல்லாம் அவர்களிடம் போனால் படம் எடுத்துத் தருகிறேன் என்று சொல்வதில்லை, 'மொமென்ட்' உருவாக்கித் தருகிறேன் என்கிறார்கள். போனில் வரிசையாகக் காட்டினார். ட்ரோன் பூத்தூவுகிறது. மத்தாப்பு மரம்போல எழும்புகிறது. பெண்ணும் மாப்பிள்ளையும் மேகத்தில் மிதந்து வருகிறார்கள். அந்த மேகத்தில் என் புத்தி சிக்கியது.

திட்டம் இதுதான். தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காகச் சபையைச் சுற்றும் நேரத்தில் மேடையில் புகை எழும்பும். எல்லார் கண்ணும் பெண் மாப்பிள்ளை மேல் இருக்கும். அந்தச் சமயம் பார்த்து நான் கையை உயர்த்தி ஜாடை காட்டுவேன். சாமான் அறைக் கதவருகே தயாராக நிற்கும் அக்கா பக்கவாட்டுப் படி வழியாக மேலே வந்துவிடுவாள். புகை வடியும்போது அவள் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள். வராதே என்று சொல்வது எளிது. வந்து நிற்கிறவளை இறங்கு என்று சொல்ல செக்கிங் இன்ஸ்பெக்டருக்குக்கூட நா எழாது.

"பொகை முழங்காலுக்கு மேல வராது சார்" என்றார் போட்டோக்காரர். முழங்கால் அளவு மேகத்தில் அக்காவை எப்படி மறைப்பது? இன்னொரு மெஷினும் வைக்கச் சொன்னேன். அதையும் பில்லில் ஏற்றிக்கொண்டு சரி என்றார்.

அக்காவிடம் உண்மையைச் சொல்லவில்லை. பிறர் தன்னைப் பார்க்க வேண்டும் என்பதற்காக அவள் ஒரு அடிகூட எடுத்துவைக்க மாட்டாள், வேலை என்றால் ஓடி வருவாள் என்பது என் கணிப்பு. முகூர்த்தத்தன்று காலையில் அவள் கையில் ஒரு எண்ணெய்க் கிண்ணத்தைக் கொடுத்தேன். குத்துவிளக்குக்கு எண்ணெய் குறையும், சாமான் அறைக் கதவருகே நில், நான் கையைத் தூக்கினால் எடுத்துக்கொண்டு வா என்றேன். அன்று அவள் மாம்பழக் கலரில் புதுப்பட்டு கட்டியிருந்தாள். சாமான் அறைக்கு இவ்வளவு நல்ல சேலை எதற்கு என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

"எண்ணெய் ஐயர்கிட்டயே இருக்குமேடா. நான் வந்து..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தாள்.

எனக்கு எல்லாம் தெரியும், நீ என் கையை மட்டும் பார் என்று வாயை அடைத்தேன். தம்பி காரணம் இல்லாமல் சொல்ல மாட்டான் என்று நம்புகிற ஒரே ஜீவன். கிண்ணத்தோடு போய்விட்டாள்.

திருவரங்குளம் சாலையில் இருந்த அந்த மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையை மறைத்துக்கொண்டு கேமராக்காரர்களின் முதுகுகள் நின்றன. பத்தடி தூரத்தில் நடக்கிற கல்யாணத்தைச் சனங்கள் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு முகத்தை நேரில் பார்ப்பதைவிடப் படத்தில் பார்ப்பதை நாம் நம்பத் தொடங்கி எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்தேன். அக்கா மகளுக்கும் அந்தப் படம்தான் வேண்டியிருந்தது. ஆனால் அவள் கேட்டது படத்தை மட்டும் இல்லை. நாளைக்கு அவள் பிள்ளை ஆல்பத்தைப் புரட்டி "அம்மாச்சி எங்க?" என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு முழு மனுஷி வேண்டும். அது எனக்குப் புரிந்துதான் இருந்தது. புரிந்ததை மெஷினிடம் ஒப்படைத்ததுதான் கோளாறு.

பெரியப்பா மேடையில் நின்றபடி கழுத்தை நீட்டி நீட்டி மண்டபம் முழுவதையும் துழாவிக்கொண்டிருந்தார். மோப்பம் பிடித்துவிட்டார் என்று நான் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

தாலித் தட்டு சபைக்குள் இறங்கியது. நான் தலையசைத்தேன். இரண்டு மெஷினும் சீறின. முதலில் எல்லாம் சொன்னபடிதான் நடந்தது. வெள்ளை மேகம் முழங்கால் உயரத்துக்கு வந்து அழகாகப் படர்ந்தது. 'ஆ' என்று ஒரு சத்தம் எழுந்தது. அந்த நேரத்தில் மாப்பிள்ளை வீட்டு உறவினர் ஒருவருக்கு ஐயர் வேர்த்துக் கொட்டுவது கண்ணில் பட்டுவிட்டது. பந்தியில் கிடந்த ஆளுயர மின்விசிறியை உருட்டிக்கொண்டு வந்து மேடையைப் பார்த்துத் திருப்பி, முழு வேகத்தில் வைத்தார். நல்ல மனிதர். மேகம் தரையை விட்டுக் கிளம்பியது. ஐயர் மறைந்தார். மாப்பிள்ளை மறைந்தார். மந்திரம் இருமலாக மாறியது.

நான் அக்காவைக் கூப்பிடக் கையை உயர்த்தி ஆட்டினேன்.

மேளக்காரர்கள் இருந்த பக்கத்திலிருந்து பார்த்தால் புகைக்கு மேலே தெரிந்தது அந்தக் கை ஒன்றுதான். அவர்கள் பாவம், ஆயுசு முழுக்கக் கெட்டிமேளத்துக்கு இப்படி ஒரு கை ஆடுவதைத்தான் பார்த்து வந்திருக்கிறார்கள். மண்டபம் அதிரக் கொட்டினார்கள். கெட்டிமேளம் கேட்டால் நம் சனங்கள் யோசிப்பதில்லை. கையிலிருந்த மஞ்சள் அரிசியும் பூவும் நாலா பக்கமிருந்தும் மேடையை நோக்கிப் பறந்தன. கிண்ணத்தோடு கடைசிப் படியில் கால் வைத்த அக்கா மேல் அவ்வளவும் விழுந்தன.

மேளம் நின்றது. யாரோ மின்விசிறியை அணைத்தார்கள். புகை பிரிந்தது. தாலித் தட்டு அப்போது நடுவரிசையில், அக்காவோடு வேலை பார்க்கும் ஆவூர் டீச்சர் மடியில் இருந்தது. வேதக்காரம்மா, அதாவது கிறிஸ்தவர், நம் சடங்கு பழக்கமில்லாதவர். தான் ஏதோ தவறு செய்துவிட்டோம் என்று தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்றார். அவரைப் பார்த்துச் சபை சிரிக்கத் தொடங்கியது. அப்புறம் சிரிப்பு மெல்ல அடங்கி எல்லார் பார்வையும் மேடைக்குத் திரும்பியது. தலை, தோள், சேலை மடிப்பு எல்லாம் அட்சதையோடு அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"எண்ணெயில அரிசி விழுந்துருச்சுடா. வேற எடுத்தாரேன்" என்று திரும்பினாள்.

பெண் மணையிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். மேடைப் பேச்சாளனான நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டேன். பேசியது பெரியப்பாதான்.

"எங்கிட்டும்மா போற? அந்தக் கிண்ணத்தக் கீழ வச்சுட்டு இங்கிட்டு வந்து நில்லு."

அக்கா கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போய் மகளுக்குப் பின்னால் நின்றாள். சமையல்கட்டிலிருந்து அரிசி வந்தது. மஞ்சள் கலக்க நேரமில்லாமல் வெள்ளையாகவே ஆளுக்கொரு பிடி கொடுத்தார்கள். இந்தமுறை ஐயர் தன் கையால் ஜாடை காட்டினார். அதற்கு முன் என்னை ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

ஆல்பம் இப்போது அக்கா வீட்டு டீவிக்குக் கீழே இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் தாலி கட்டும் படத்தைத் தாண்டிப் போய் இன்னொன்றில் நிற்கிறார்கள். படிப் பக்கம் புகை விலகிய ஒரு கணத்தில் எடுத்தது. உட்கார்ந்திருக்கிற பெண்ணின் மார்பளவுக்கு வெள்ளை மேகம். அதற்கு மேலே அந்தரத்தில் நிற்கிற அரிசியும் பூவும். நடுவில் கண்ணை இடுக்கிக்கொண்டு, கிண்ணத்தை இரு கையாலும் பற்றியபடி, மாம்பழக் கலரில் அக்கா. அவளைத் திரும்பிப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிற மகள். மேல் மூலையில் ஒரு முழங்கை தெரிகிறது. இந்தமுறை அது என்னுடையது.

அன்று பந்தியில் பெரியப்பாவுக்குப் பக்கத்து இலை எனக்கு. அவர் நெஞ்சையே என் மேகம் கரைத்துவிட்டதே என்ற பூரிப்பில், கேட்காமலே முழுத் திட்டத்தையும் அவரிடம் விளக்கினேன். பயம், புகை, கை ஜாடை, எண்ணெய் எதையும் விடவில்லை. அவர் ரசத்துக்குச் சோற்றைக் குழி பறித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா மேடையில நிக்கணும்னு பாப்பா எங்கிட்டயும்தான் சொல்லுச்சு" என்றார் கடைசியில். "எம் பக்கத்துல நிக்கணும்னு நேத்தே ஒங்க அக்காட்ட சொல்லிட்டேன், சரின்னுருச்சு. காலைல மேடையில தேடுறேன், ஆளக் காணோம். இப்பக் கேட்டா, தம்பிதான் எண்ணெய்க் கிண்ணத்தக் குடுத்து அங்கிட்டுப் போயி நிக்கச் சொன்னான்னு சொல்லுது. ஏன் மாப்ள, நீங்க சும்மா இருந்திருந்தா அது மொதல்லருந்தே மேடையிலதான நின்னுருக்கும்?"